ராசுவுக்குச் சுட்ட ரொட்டி

எனக்கு ரொட்டி சுடத் தெரியும் என்று ஊருக்குள் பீற்றிக்கொண்டது என் வாய்தான். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

அறுபதாம் வருஷம், மாசி மாதம். பரமத்தி வேலூருக்கு மூன்று மைல் தள்ளி, ஆற்றோரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் சூழ்ந்த ஓர் ஊரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பாக்கியநாதனுக்கு மலேரியா வேலை. ஊர் ஊராகப் போய் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. மருந்து அடிப்பார். சேலத்திலேயே பிறந்து வளர்ந்த என்னையும், ஆறு வயது மகள் இன்பமேரியையும் இழுத்துக்கொண்டு வந்து, அர்த்தநாரிக் கவுண்டரின் களத்தோரத்து ஒற்றை அறை வீட்டில் குடிவைத்துவிட்டார். அந்த ஊரில் வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவக் குடும்பம் என்று இருந்தது நாங்கள் மட்டும்தான்.

கவுண்டருக்கும் அவர் மனைவி காளியாத்தாளுக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை ராசு. எட்டு வயது. பொங்கல் கழிந்த வாரம் அவனுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. இருபத்தெட்டு நாள் வெறும் பார்லித் தண்ணீர். காய்ச்சல் ஒருவழியாக இறங்கியதும் வேலூர் டாக்டர் வந்து பார்த்தார். "இனிமே ரொட்டியும் பாலும் கொடுக்கலாம். சோறு கூடவே கூடாது. குடல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கு. ஆகாதது ஏதாச்சும் உள்ளே போனா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரொட்டிக்கு அங்கே எங்கே போவது? அந்தப் பக்கத்தில் ரொட்டி என்பது நோயாளி தின்கிற வஸ்து. நன்றாக இருக்கிறவன் கையில் ரொட்டியைப் பார்த்தால், "ஏனப்பா, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரவழைத்த ரொட்டியைப் பிரித்துப் பார்த்தால் பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தது. அன்று சாயங்காலமே காளியாத்தாள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"அம்மிணி, நீ ரொட்டி சுடுவேன்னு சொன்னியாமே, மெய்யாலுமா?"

"சுடுவேன்மா. சேலத்துல கன்னியர் மடத்துச் சமையல்கட்டுல ஆறு வருஷம் இருந்தேன். ரொட்டிக்காரன் வராத அன்னிக்கு வெள்ளைக்கார மதருக்கு நான்தான் சுட்டுக் கொடுப்பேன். ராத்திரியெல்லாம் புளிக்க வைக்க வேண்டாம், பிசைய வேண்டாம். மாவு, உப்பு, ஆப்ப சோடா, புளிச்ச மோர், அவ்வளவுதான். ஒண்ணரை மணி நேரத்துல வெந்துடும்."

"அப்ப என்ற பையனுக்கு ஒண்ணு சுட்டுக் குடு சாமி. எலும்பாக் கெடக்கறான். பாக்கப் பாக்க வவுறு பத்துது."

எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் அவர்கள். ஆனால் ரொட்டி சோற்றில் சேர்த்தியில்லை, மருந்தில் சேர்த்தி. மருந்துக்குத் தீட்டு கிடையாது என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. சரி என்று தலையாட்டிவிட்டேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். பத்து வருஷம் தவங்கிடந்து பெற்ற பிள்ளை. என் ரொட்டியைத் தின்று அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால், கவுண்டர் எங்களை அந்தக் களத்திலேயே உயிரோடு புதைத்துவிடுவார்.

நான் பயப்பட வேண்டிய பொருள் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் மருந்து மூட்டையிலிருந்து அவ்வப்போது இரண்டு கை அள்ளி வருவார். மூட்டைப்பூச்சிக்கு வேண்டுமென்று யாராவது கேட்பார்கள், இவருக்கு இல்லையென்று சொல்ல வராது. சர்க்கார் சாமான், பிடிபட்டால் வேலை போய்விடும், கேஸும் வரும். அன்றைக்குத்தான், மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று செய்தி வந்ததும் மனிதர் அரண்டுபோய், கையிலிருந்த பவுடரை ஒரு துணியில் முடிந்து, எந்த இன்ஸ்பெக்டரும் தேடாத இடம் என்று நினைத்து, என் மாவுப் பானைக்குப் பின்னால் சொருகிவிட்டார். முடிந்த துணி எது தெரியுமா? மாதா கோயிலில் தர்மமாகக் கொடுத்த அமெரிக்க மாவுப் பையைக் கிழித்த துணி. நான் மிச்ச மாவை முடிந்துவைக்கிற அதே துணி. அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டுமா, வேண்டாமா? சொல்லாமலே விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார், மகராசன்.

காலை எட்டு மணிக்கு அடுப்பு மூட்டினேன். இரும்புச் சட்டியில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடேற்றினேன். மாவை இரண்டு தரம் சலித்து, உப்பும் சோடாவும் கலந்து, நடுவில் குழித்து, மூன்று நாள் புளித்த மோரை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. இந்த ரொட்டியில் சூட்சுமமே அதுதான், நுரை அடங்குவதற்குள் அடுப்பேற்றிவிட வேண்டும். பிசையக் கூடாது, பிசைந்தால் கல்லாகிவிடும். மாவும் மோரும் ஒன்று சேர்ந்தால் போதும்.

"அம்மா, எனக்கு ஒரு துண்டு?" என்று இன்பமேரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது ராசுவுக்கு. தொட்டே, கையை முறிச்சுடுவேன்."

"கொஞ்சூண்டும்மா." விரலை நீட்டி மாவைத் தொட்டாள். படபடப்பில் இருந்த நான் முதுகில் ஓர் அறை வைத்துவிட்டேன். "என்னைக் கேக்காம எதையும் வாயில வைக்கக் கூடாது, தெரியுதா?" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே கவுண்டர் வீட்டுப் பக்கம் ஓடிப்போனாள்.

மோர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. மாவு கையில் ஈஷிக்கொண்டு உருட்ட வரவில்லை. நுரையோ அடங்கிக்கொண்டிருக்கிறது. பானையில் மாவு காலி. பின்னால் துழாவியதும் ஒரு முடிச்சு அகப்பட்டது. பிரித்து, பலகையிலும் உருண்டையின் மேலும் அடியிலும் தாராளமாகத் தூவி, உருட்டித் தட்டத்தில் வைத்து மணல் சட்டிக்குள் இறக்கினேன். மூடியின் மேல் தணலை அள்ளிப் போட்டேன்.

வாசனை தெரியவில்லையா என்று கேட்பீர்கள். மருந்தடிக்கிறவன் பெண்டாட்டிக்கு அந்த வாசனை எப்படித் தெரியும்? அவர் சட்டை, பாய், தலையணை, என் தலைமுடி எல்லாம் அதே நாற்றம்தான். என் மூக்கு அதை என்றைக்கோ மறந்துவிட்டது.

ஒன்பதரைக்கு ரொட்டி வெந்து இறங்கியது. நன்றாக எழும்பி, மேலே வெடித்து, வெள்ளைத் தூளுக்கு நடுவே பொன்னிறமாக இருந்தது. மடத்தில்கூட அவ்வளவு அழகாக வந்ததில்லை. காளியாத்தாளே பித்தளைத் தட்டோடு வந்து, கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிக்கொண்டு போனார். நான் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன்.

பலகையை எடுக்கப் போனபோதுதான் ஈக்களைப் பார்த்தேன். ஏழெட்டு ஈக்கள் பலகையின் மேல் மல்லாந்து கிடந்தன. இரண்டு செத்துவிட்டன. மற்றவை எழ முடியாமல் காலை உதறிக்கொண்டு, கிர்ரென்று ஒரே இடத்தில் சுற்றின. மருந்தடித்த வீடுகளில் சுவரோரம் ஈக்கள் இப்படித்தான் விழுந்து கிடக்கும். நான் எத்தனை தரம் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்!

முடிச்சை எடுத்துப் பிரித்தேன். ஈர விரலால் ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். மாவாக இருந்தால் பிசுபிசுக்க வேண்டும். அது சுண்ணாம்புத் தூளாக வழுக்கிக்கொண்டு போயிற்று. முடிச்சில் பாதி காலி.

"ஐயோ, ஆண்டவரே!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். ஓடினேன் என்றா சொன்னேன்? பாதி தூரம்தான் ஓடினேன்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே தோல்பறியால் இறைக்கிற கவலைக் கிணறு. மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்று மேட்டுக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது.

சொன்னால் என்ன ஆகும்? பவுடர் எப்படி வந்தது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் திருடினார் என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் வேறு அன்றைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். வேலை போய்விடும், போலீஸ் வரும். அதற்கு முன்னால் கவுண்டரின் ஆட்கள் அவரைப் புளியமரத்தில் கட்டிவைத்து உரித்துவிடுவார்கள். வேதக்காரி வேண்டுமென்றே பிள்ளைக்கு விஷம் வைத்துவிட்டாள் என்று ஊரே சொல்லும். நாங்கள் மூன்று பேரும் எங்கே போவது?

அப்புறம் மனசு சமாதானம் தேடத் தொடங்கியது. அவரோடு வேலை பார்க்கும் மாதையன், ஊர்க்காரர்கள் மருந்துக்குப் பயந்தால் விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டுவானாம். அவன் நன்றாகத்தானே இருக்கிறான்? அடுப்புச் சூட்டில் விஷம் முறிந்திருக்காதா? தூவியது எவ்வளவு, இரண்டு கை இருக்குமா? ராசு ஒரு துண்டுக்கு மேல் தின்னமாட்டான். ஒருவேளை இன்னும் தின்றிருக்கவே மாட்டான். ஏதாவது சாக்குச் சொல்லி, ரொட்டி சரியாக வேகவில்லை என்று திருப்பி வாங்கிவந்துவிட்டால்? பொய் சொல்ல ஒரு வழி கிடைக்குமா என்றுதான் நின்றுகொண்டு தேடினேன், வெட்கக்கேடு.

மாடுகள் பின்னால் வந்தன, முன்னால் போயின. தோல்பறி தண்ணீரைக் கொட்டியது. உருளை கிரீச் கிரீச்சென்று காதைப் பிளந்தது. எத்தனை நடை இறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. 'குடல் வெங்காயச் சருகு மாதிரி' என்று டாக்டர் சொன்னது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அடி ஜெபமலர், நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவளா என்று என்னையே திட்டிக்கொண்டு, மறுபடியும் ஓடினேன்.

அதுவரை நான் மிதிக்காத வாசற்படி. அன்றைக்கு யாரைக் கேட்டேன்? நேராக உள்ளே புகுந்தேன். காளியாத்தாள் பாலில் ஊறவைத்த ரொட்டியை ராசுவுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். பால் சுவரெல்லாம் தெறித்தது.

"ஏண்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சா?"

"அம்மா, கொடுக்காதீங்க! அது விஷம்மா! மேலே தூவினது மாவு இல்லை, மருந்துப் பவுடர்! தெரியாம பண்ணிட்டேன். அவர் கொண்டுவந்து ஒளிச்சு வெச்சிருந்தார், எனக்குத் தெரியாது. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க, பிள்ளையை முதல்ல வாந்தி எடுக்க வைங்க!"

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கூடத்திலிருந்து கவுண்டர் ஓடிவந்தார். காளியாத்தாளின் முகம் வெளுத்துப்போயிற்று. ராசு திருதிருவென்று விழித்தான். காளியாத்தாள் சட்டென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மேலயா? மேல மட்டுந்தான் தூவுனியா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு, உள்ளுக்குள்ள கலந்தியா?"

"இல்லம்மா. மேலயும் அடியிலயும் மட்டும்தான்."

"அட, என்ற கொலசாமி!" என்று அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பொழச்சோம். காச்சக்கார புள்ளைக்கு ஓரம் ஆவாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அம்மிணி. சுத்தியும் ஒரு விரக்கடைக்குச் சீவிப்போட்டுட்டு, நடுவுல இருக்கற வெள்ளையத்தான் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டேன். காலில் விழப் போனேன். கவுண்டர்கூட, "சரி சரி, அழுவாத. வண்டியப் பூட்டறேன், எதுக்கும் டாக்டருகிட்டக் காட்டிரலாம்" என்றார். உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அந்தத் தெம்பில்தான் கேட்டேன்.

"சீவின ஓரத்தை எங்கேம்மா போட்டீங்க? மாடு கன்னு தின்னுடப்போகுது."

காளியாத்தாள் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா."

"உன்ற புள்ள... பொடக்காலியில வந்து நின்னு அழுதுட்டு இருந்துச்சு. இந்தா கண்ணுன்னு எல்லாத்தையும் அது கையில..."

பின்கட்டு வழியாக நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. புழக்கடையில் துவைக்கிற கல்லின் மேல் இன்பமேரி உட்கார்ந்திருந்தாள். பாவாடை மடியில் பொடிப்பொடியாகக் கொஞ்சம் ஓரம் மிச்சமிருந்தது. உதட்டைச் சுற்றி வெள்ளையாகத் தூள். என்னைப் பார்த்ததும் அடி விழப்போகிறது என்று முதுகைக் குறுக்கிக்கொண்டாள்.

"அம்மா, நாக்கு மரத்துப்போச்சு" என்றாள். அவள் கீழுதடு தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

காளியாத்தாள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தார். அதைத் தடுக்க மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. எண்ணெயும் பாலும் கொடுத்தால் இந்த மருந்து உடம்பில் இன்னும் ஏறும் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். உப்புத் தண்ணீரைக் கரைத்து, வாயைப் பிடித்து ஊற்றினேன். தொண்டையில் விரலை விட்டேன். வாந்தி எடுத்தாள். கவுண்டர் மாட்டை விரட்டிய விரட்டில் வண்டியின் அச்சு முறியாதது பெரிய விஷயம். ராசுவையும் மடியில் போட்டுக்கொண்டு காளியாத்தாளும் வண்டியில் வந்தார். வழியெல்லாம் என் குழந்தையின் கையும் கண்ணிமையும் வெடவெடவென்று ஆடின. மூன்று மைல் முடியவே முடியாது என்று நினைத்தேன். 'இந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதே ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்' என்பதைத் தவிர ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

டாக்டர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். "சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

காளியாத்தாள்தான் பதில் சொன்னார். "இவ ஓடியாறதுக்குச் சித்த முன்னாலதானுங்க ஓரத்தக் குடுத்தேன். பாலக் காச்சி ஆத்தி, ரொட்டிய ஊற வெக்கற நேரம். கா மணி இருக்குமுங்க."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கால் மணி நேரத்துக்கு முன்னால் நான் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். நிற்காமல் ஓடியிருந்தால், ஓரம் தட்டிலேயே இருந்திருக்கும். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ராசுவுக்கு ஒன்றுமில்லை. இன்பமேரிக்கு ஊசி போட்டார்கள். மத்தியானம் வரை தூக்கிப் போட்டது, அப்புறம் ஓய்ந்து தூங்கினாள். தகவல் தெரிந்து என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து, சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதார். கவுண்டர் அவர் தோளைத் தொட்டு, "உடுப்பா. பவுடரு எங்கிருந்து வந்துச்சுன்னு நானும் எவங்கிட்டயும் மூச்சு உட மாட்டேன். உன்ற சம்சாரம் எங்க புள்ளைக்காவ உண்மையச் சொன்னாளே, அது போதும்" என்றார். நான் எதற்காகப் பயந்து நின்றேனோ, அது கடைசியில் நடக்கவேயில்லை.

காளியாத்தாளோ, அங்கே வந்து போகிற நோயாளிகளிடமெல்லாம் என் புகழ் பாடிக்கொண்டிருந்தார். "புருசன் வேலை போயிருமேன்னு கூட நெனைக்கலைங்க. தெரிஞ்ச மறு நிமிசம், ஒரு எட்டு நிக்காம ஓடியாந்தா. இந்தக் காலத்துல யாருங்க வருவா?" ஒவ்வொரு வார்த்தையும் என்னைச் சுட்டது. இல்லையம்மா, நான் நின்றேன் என்று சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். துணிச்சல் வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு இன்பமேரி கண் விழித்தாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். காளியாத்தாள் ராசுவை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். டாக்டர், இனிப் பயமில்லை என்றார்.

குழந்தை என் முகத்தைத்தான் தேடினாள்.

"அடிக்காதம்மா. நான் கேட்டுட்டுத்தான் தின்னேன்."

"யாருகிட்டடி கண்ணு கேட்டே?"

"உன்கிட்டதான். நீ கெணத்து மேட்டுல நின்னுட்டு இருந்தியே. தொவைக்கிற கல்லு மேல ஏறி நின்னு, ரொட்டியத் தூக்கிக் காட்டி, 'அம்மா, இதைத் தின்னட்டுமா'ன்னு மூணு தடவ கத்துனேன். நீ ஒண்ணுமே சொல்லல. ரொம்ப நேரம் சும்மாவே நின்னுட்டு இருந்தே. அதான் தின்னுட்டேன்."

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. காளியாத்தாள் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராசுவை மடியிலிருந்து எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எழுந்து வெளியே போய்விட்டார்.

"கேக்கலை சாமி" என்றேன் என் மகளிடம். "அம்மாவுக்கு நீ கூப்பிட்டது கேக்கவே இல்லை."